மூன்று சாப்பாட்டுக் கூடங்கள்



ஒரு விடுதிக் காப்பாளரின் நினைவாக, அவரிடம் திட்டு வாங்கிய மாணவர்களே பணம் போட்டு அறக்கட்டளை வைப்பது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. அவர் யாரையும் நின்ற நிலையில் விடுதியை விட்டு அனுப்பியதில்லை என்று காலையில் ஒருவர் சொன்னார். "முதல்ல உட்காருப்பா, என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்பாராம். நான் இன்று பேச வந்ததும் அந்த வாக்கியத்தைப் பற்றித்தான். அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் எப்போது கட்டாயப்படுத்தியது, சொல்ல வேண்டிய நாற்காலியில் இருப்பவருக்கு யார் துணை, இந்த இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

நான் பதினோரு ஆண்டுகள் ஒரு கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் இருந்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். வேதியியல் பேராசிரியர் ஒருவர், வணிகவியல் பேராசிரியர் ஒருவர், உடற்கல்வி இயக்குநர், நான். உடற்கல்வி இயக்குநர் குழுவில் கட்டாயம் இருப்பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மாணவன் உள்ளே வந்ததும் ஒரு வெள்ளைத் தாள் நீட்டப்படும். மன்னிப்புக் கடிதம் எழுது. அவன் என்ன செய்தான் என்று நாங்கள் கேட்பதற்கு முன்பே, செய்ததற்காக அவன் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பான். பிறகு அந்தக் கடிதமே அவனுக்கு எதிரான சாட்சி. உங்கள் கல்லூரியில் இந்த வழக்கம் இல்லை என்றால் மகிழ்ச்சி. இருக்கிறது என்பது பின்வரிசைச் சிரிப்பிலிருந்து தெரிகிறது.

விடுதி நாள் விழா முடிந்த இரவில் ஒரு சண்டை. முதலாண்டு மாணவன் ஒருவனுக்கு நெற்றியில் தையல். இரண்டாமாண்டு மாணவன் ஒருவனை நாங்கள் வெளியேற்றினோம். உத்தரவு ஒரே வரி: கல்லூரியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததற்காக நீக்கப்படுகிறார். அவனுடைய அப்பா நிலத்தை அடகு வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். நீதிபதி எங்கள் வழக்கறிஞரிடம் கேட்டது ஒரே கேள்வி. அந்தப் பையன் என்ன செய்தான்? வழக்கறிஞர் கோப்பைப் புரட்டினார். கோப்பில் மன்னிப்புக் கடிதம் இருந்தது, எங்கள் நான்கு கையெழுத்துகள் இருந்தன, சம்பவம் இல்லை. உத்தரவு ரத்தானது. அதற்குள் அவனுக்கு இரண்டு பருவத் தேர்வுகள் போய்விட்டன. அவன்தான் அடித்தானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நெற்றியில் தையலோடு நின்றவனுக்கும் தெரியாது; இருட்டில் பின்னாலிருந்து விழுந்த அடி அது. விசாரித்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். விசாரிக்காத விசாரணையால் குற்றம் சாட்டப்பட்டவன் மட்டும் கெடுவதில்லை, அடிபட்டவனும் கெடுகிறான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அந்த அவமானத்துக்குப் பிறகு தேடிப் படித்ததில்தான் அமெரிக்காவில் மாணவர் ஒழுங்கு விசாரணை தனியொரு வேலை என்று தெரிந்தது. நம்மூரில் வேறு வேலைகளுக்கு நடுவே ஒருவர் தலையில் கட்டப்படுகிற பொறுப்பு, அங்கே ஒரு பதவி. மாணவர் நடத்தை அலுவலர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கென்று சங்கம், பயிற்சி, மாதிரி விதித்தொகுப்பு, சட்டச் செய்திகளைத் தொகுத்துத் தரும் அறிக்கை எல்லாம் உண்டு. அவை எப்படி வந்தன என்று பின்னோக்கிப் போனால் மூன்று சாப்பாட்டுக் கூடங்களில் போய் நிற்கிறோம். யாரும் திட்டமிட்டதில்லை, மாணவர்கள் இருக்கிற இடத்தில் பசி இருக்கும், அவ்வளவுதான்.

முதல் கூடம் கென்டக்கி மாநிலத்தில் பெரியா கல்லூரிக்கு எதிரில் இருந்த ஓர் உணவகம். 1911இல் காட் என்பவர் அதை வாங்கினார். கல்லூரி நடத்தாத சாப்பாட்டுக் கடைக்குள் மாணவர்கள் கால் வைக்கக் கூடாது என்று கல்லூரி விதி போட்டது. மீறிய சிலரை வெளியேற்றியது. வியாபாரம் படுத்துவிட்ட காட் வழக்குத் தொடுத்தார். கல்லூரி பெற்றோரின் இடத்தில் இருக்கிறது, பிள்ளை எங்கே சாப்பிட வேண்டும் என்று அப்பா சொல்லலாம் என்றால் கல்லூரியும் சொல்லலாம் என்று 1913இல் தீர்ப்பு வந்தது. மாதா பிதாவுக்கு அடுத்து குரு என்று நாம் சொல்வதை அவர்கள் லத்தீனில் சொன்னார்கள். இதில் ஒரு கொடுமை உண்டு. பெரியா, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகப் படித்த கல்லூரி. மாநிலம் 1904இல் சட்டம் போட்டு அதைத் தடுத்தது. கல்லூரி உச்ச நீதிமன்றம்வரை போய் 1908இல் தோற்றது. தனக்கு மேலிருந்த அதிகாரத்திடம் அடிவாங்கிய கல்லூரிதான், ஐந்தே ஆண்டில், தனக்குக் கீழிருந்தவர்கள்மீது கேள்வியற்ற அதிகாரம் உண்டு என்ற தீர்ப்பை வாங்கிக்கொண்டது.

அந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு 1928இன் சிராக்யூஸ் பல்கலைக்கழக வழக்கு போதும். ஒரு மாணவியை வெளியேற்றிவிட்டு, அவர் சிராக்யூஸ் பெண்ணுக்குரிய மாதிரியில் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை. நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. காரணம் சொல்லாமலே வெளியேற்றலாம் என்று அவர் கையெழுத்திட்ட சேர்க்கை அட்டையில் இருந்ததாம். நம் சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை எத்தனை பேர் படிக்கிறோம்?

இரண்டாவது கூடத்தில்தான் வரலாறு திரும்பியது. அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு சிற்றுண்டிச் சாலை. பொதுச் சொத்து, ஆனால் வெள்ளையருக்கு மட்டும். 1960 பிப்ரவரி 25 அன்று அலபாமா ஸ்டேட் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் 29 பேர் அங்கே போய்ச் சாப்பாடு கேட்டார்கள். பரிமாற மறுத்துக் கடையை மூடிவிட்டார்கள். மாணவர்கள் நடைவழியில் சுமார் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். அடுத்த நாட்களில் ஊர்வலங்கள். சட்டமன்றக் கட்டடத்தின் படிகளில் நின்று தோத்திரப் பாடல்கள். மாநில ஆளுநர் ஜான் பேட்டர்சனே கல்வி வாரியத்துக்கும் தலைவர். மார்ச் 2 அன்று வாரியம் கூடி, ஒன்பது பேரை வெளியேற்றுவது, இருபது பேரைக் கண்காணிப்பில் வைப்பது என்று முடிவெடுத்தது. ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கல்லூரித் தலைவர் அனுப்பிய கடிதத்தில் எந்தச் செயலுக்காக என்பது இல்லை. பிறகு நீதிமன்றத்தில் வாரிய உறுப்பினர்களைக் கேட்டபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவருக்குச் சிற்றுண்டிச் சாலை, இன்னொருவருக்கு ஊர்வலம். தண்டனையில் ஒற்றுமை, குற்றத்தில் இல்லை! என்னுடைய ஒரு வரி உத்தரவுக்கு இவ்வளவு பெரிய முன்னோடி இருந்திருக்கிறது.

ஆறு மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். ரோசா பார்க்ஸுக்காக வாதாடிய ஃபிரெட் கிரே வழக்கறிஞர். அவருடன் தர்குட் மார்ஷலும் இருந்தார். முதல் நீதிமன்றத்தில் தோற்றார்கள். தோற்கடித்த நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் இனவெறியர் இல்லை. மான்ட்கோமரி பேருந்துகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1956இல் சொன்ன இரண்டு நீதிபதிகளில் ஒருவர். அப்படிப்பட்டவருக்கே கல்லூரி என்றால் கேட்காமல் வெளியேற்றலாம் என்று தோன்றியிருக்கிறது. பெற்றோர் இடம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது. மேல்முறையீட்டில் தீர்ப்பை மாற்றி எழுதியவர் ரிச்சர்ட் ரைவ்ஸ். பேருந்து வழக்கில் ஜான்சனோடு நின்ற அந்த இன்னொரு நீதிபதி. 1961 ஆகஸ்ட் 4. டிக்சன் வழக்கு என்று பெயர். அரசுக் கல்லூரி ஒரு மாணவரை வெளியேற்றுவதற்கு முன் குற்றச்சாட்டு இன்னது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சாட்சிகள் யார், என்ன சொல்கிறார்கள் என்பதைத் தெரிவிக்க வேண்டும். தன் பக்கத்தைச் சொல்லவும் தனக்கான சாட்சியைக் கொண்டுவரவும் இடம் தர வேண்டும். முடிவை அவர் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். முழு நீதிமன்ற நடைமுறை தேவையில்லை என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. இந்தப் பிற்பகுதியைப் பலர் படிப்பதில்லை.

ஒரு தேதியை இங்கே பக்கத்தில் வைக்கிறேன். 1962 பிப்ரவரி 6. டிக்சன் தீர்ப்பு வந்து ஆறு மாதம். டெல்லியில் நம் உச்ச நீதிமன்றம் கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் தீர்ப்புச் சொல்கிறது. உத்தரப் பிரதேசத்தில் 1954இல் இன்டர்மீடியட் தேர்வெழுதிய மூன்று மாணவர்களின் விடைத்தாள்களில் ஒரே மாதிரித் தவறுகள் இருந்ததால், அவர்களைக் கேட்காமலே முடிவை ரத்து செய்து அடுத்த தேர்வெழுதவும் தடை போட்டிருந்தது தேர்வு வாரியம். கேட்டுத்தான் தண்டிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அங்கே சிற்றுண்டிச் சாலை, இங்கே விடைத்தாள். இரண்டு நாடுகளும் ஆறு மாத இடைவெளியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. நாம் பின்தங்கியவர்கள் இல்லை. அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்பதில்தான் பாதை பிரிகிறது.

மூன்றாவது கூடத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் 1971இல் ஒரு பள்ளியின் மதிய உணவுக் கூடத்தில் கலவரம். லோபஸ் என்ற மாணவர், தான் வேடிக்கை பார்த்தவன் மட்டுமே என்றார். அன்று எழுபத்தைந்து பேரோடு சேர்த்து அவரும் இடைநீக்கம். 1975இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பத்து நாள் இடைநீக்கமாக இருந்தாலும் குற்றச்சாட்டைச் சொல்லி, ஆதாரத்தை விளக்கி, பையன் சொல்வதையும் கேள் என்றது. உடனடி ஆபத்து இருந்தால் முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று ஒரு வழியும் விட்டது. இந்த வழியை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

டிக்சனுக்குப் பிறகு அங்கே கல்லூரிகள் மிரண்டன. மிரண்டவர்கள் எப்போதும் அளவு தாண்டுவார்கள். கேட்காமல் அனுப்பிய கல்லூரிகளில் பல, வளாகத்துக்குள்ளேயே குட்டி நீதிமன்றங்கள் நடத்தத் தொடங்கின. கேரி பவேலா என்ற சட்டம் படித்த கல்லூரி நிர்வாகி, வளாகத்தில் அப்பழுக்கற்ற நீதியைத் துரத்துவதற்கு ஓர் எல்லை வேண்டும் என்ற கருத்தில் 1979-80 வாக்கில் ஒரு கட்டுரை எழுதி, கூடவே ஒரு மாதிரி விதித்தொகுப்பையும் கொடுத்தார். 1990இல் எட்வர்ட் ஸ்டோனரும் கேத்தி செர்மினாராவும் இன்னொரு மாதிரியைக் கொடுத்தார்கள். பின்னதைப் படித்தபோது நான் வியந்தது அதன் மொழியைப் பார்த்து. குற்றவாளி என்று எழுதாதே, விதியை மீறினார் எனக் காண்கிறோம் என்று எழுது. காவல் நிலையச் சொற்களை வளாகத்துக்குள் கொண்டுவராதே. சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிப்பது குற்றவியல் நீதிமன்றத்தின் வேலை. இங்கே, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும். நம் கல்லூரிக் கையேடுகள் காவல் துறை முதல் தகவல் அறிக்கையின் மொழியில் தொடங்கிக் கோயில் அறிவிப்புப் பலகையின் மொழியில் முடிகின்றன. மாணவர்கள் ஒழுக்கமாக நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு விதி. எது ஒழுக்கம் என்று அடுத்த விதியில் தேடினால், கிடைப்பது பேருந்து நிறுத்தத்தில் கும்பலாக நிற்கக் கூடாது.

இதே காலத்தில், 1980களின் இறுதியில், டொனால்டு கெரிங் என்ற பேராசிரியரின் முயற்சியில் இந்த அலுவலர்களுக்கு ஒரு சங்கம் உருவானது. மாணவர் நீதி விவகாரச் சங்கம் என்பது முதல் பெயர். பின்னால் நீதி என்ற சொல்லை எடுத்துவிட்டு, மாணவர் நடத்தை நிர்வாகச் சங்கம் என்று மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் நீதிமன்றம் இல்லை என்று தங்களுக்கே சொல்லிக்கொண்ட பெயர் மாற்றம் அது. கெரிங்கின் பெயரில் பயிற்சிப் பள்ளி நடக்கிறது. எந்த நீதிமன்றம் என்ன சொன்னது, அதனால் நாளைக் காலை உன் அலுவலகத்தில் எந்தப் படிவத்தை மாற்ற வேண்டும் என்று உறுப்பினர்களுக்குச் சட்ட அறிக்கை போகிறது. வழக்கறிஞரும் இதைச் சொல்வார்தான். ஆனால் வழக்கறிஞர் வழக்கு வந்த பிறகு வருகிறவர்; இவர்கள் வருமுன் சொல்கிறவர்கள். தவிரவும், கல்லூரியின் வழக்கறிஞர் கல்லூரியைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறவர். மேசைக்கு எதிரில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் எந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர அதே மேசையில் உட்கார்ந்த இன்னொருவர்தான் வேண்டும்.

இத்தனையும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, 2011இல் அங்கே இந்த வேலையில் சேர்ந்த ஒருவரைக் கற்பனை செய்து காட்டுகிறேன். கல்வியில் பால் பாகுபாடு கூடாது என்கிற டைட்டில் நைன் சட்டம் 1972இல் வந்தது. அதன் உயிர் ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தின் கீழ் வளாகப் பாலியல் வன்முறைப் புகார்களை எப்படி விசாரிப்பது என்று 2011 ஏப்ரலில் மத்திய கல்வித் துறை ஒரு கடிதம் அனுப்பியது. நம் ஆள் விதிகளை மாற்றி எழுதினார். 2017 செப்டம்பரில் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். 2020 மே மாதம் புதிய விதிகள். விளக்கவுரையோடு இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். புகார் சொன்னவரையும் புகாருக்குள்ளானவரையும் எதிர்த்தரப்பின் துணைவர் நேரடியாகக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. கொரோனாவுக்கு நடுவே, ஆகஸ்ட் 14க்குள் அமல். நம் ஆள் மறுபடி எழுதினார். 2021இல் அதில் ஒரு பகுதியை மாசசூசெட்ஸ் நீதிமன்றம் தள்ளியது. 2024 ஏப்ரலில் இன்னொரு புதிய விதித்தொகுப்பு, ஆகஸ்ட் 1 முதல். மீண்டும் எழுதினார். 2025 ஜனவரி 9 அன்று கென்டக்கியில் ஒரு நீதிமன்றம் அதை முழுவதும் ரத்து செய்ய, பழைய 2020 விதிகளே திரும்பின. இவ்வளவும் ஒருவருடைய பதினான்கு ஆண்டுப் பணிக்காலத்துக்குள். அவருக்கு மேசை நாற்காலி கொடுத்த கல்லூரி, துணைக்கு ஆளும் கொடுத்திருந்தால் சரி.

சங்கத்துக்கு இங்கே இன்னொரு வேலையும் வருகிறது. 2020 விதிகளின் வரைவுக்குப் பொதுமக்களிடமிருந்து 1,24,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. புகார் சொல்லும் பெண்களுக்காகப் பேச அமைப்புகள் இருந்தன. குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமைக்காகப் பேச, 1999இல் தொடங்கிய ஃபயர் போன்ற அமைப்புகள் இருந்தன. இருவர் பக்கமும் நியாயம் உண்டு. நடுவில் உட்கார்ந்து விதியை நடைமுறைப்படுத்த வேண்டியவர் வாயைத் திறக்கவில்லை என்றால், இரண்டு தரப்பு வழக்கறிஞர்கள் சேர்ந்து அவருடைய அறையை வடிவமைத்துவிடுவார்கள். உயிரியல் பேராசிரியர் ஒருவரை வைத்துக்கொண்டு பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் இருவருக்கு நடுவே நேரடிக் குறுக்கு விசாரணை நடத்துவது என்ன கதிக்குப் போகும் என்று, நடத்தியவர்கள்தான் சொல்ல முடியும். அவர்கள் சொன்னார்கள். எல்லாம் எடுபடவில்லை. ஆனால் சொன்னது பதிவில் இருக்கிறது. தண்டிப்பவர்களுக்கு எதற்குச் சங்கம் என்ற கேள்வி எனக்கும் இருந்தது. அதிகாரத்தில் இருப்பவர்கள் கூடினால் அதிகாரம்தான் பெருகும் என்று நினைத்தேன். அந்த ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். என் அனுபவத்தில் தனியாக உட்காரும் அதிகாரிதான் அதைவிட ஆபத்தானவர். அவருக்குத் தெரிந்த ஒரே முன்மாதிரி அவருக்கு முன்பிருந்தவர்.

குறுக்கு விசாரணை பற்றி அங்கே நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக வழக்கில் 2018இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், யார் சொல்வது உண்மை என்பதே கேள்வியாக இருந்தால் குறுக்கு விசாரணை கட்டாயம் என்றது. மறு ஆண்டே மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக வழக்கில் இன்னொரு நீதிமன்றம், விசாரணைக் குழுவே துருவிக் கேட்டால் போதும் என்றது. நம் உச்ச நீதிமன்றத்தின் முன் இது 1973இலேயே வந்துவிட்டது. ராஞ்சி ராஜேந்திர மருத்துவக் கல்லூரியில் இரவில் மாணவர் சிலர் பெண்கள் விடுதி வளாகத்துக்குள் ஏறிக் குதித்து ஆபாசமாக நடந்துகொண்டார்கள். 36 மாணவிகள் புகார் கொடுத்தார்கள். மூன்று பேராசிரியர் குழு, மாணவிகளிடம் தனியாக வாக்குமூலம் வாங்கியது. மாணவர்களுக்குக் குற்றச்சாட்டைச் சொல்லிப் பதில் கேட்டது. யார் சாட்சி சொன்னார்கள் என்று காட்டவில்லை. இரண்டு ஆண்டுகள் வெளியேற்றப்பட்டவர்கள் வழக்குக்குப் போனார்கள். அந்தப் பெண்களைப் பையன்கள் முன்னால் நிறுத்தியிருந்தால் அவர்கள் வெளியே நடமாட முடியாது, இந்த விசாரணை நியாயமானதே என்றது ஹிரா நாத் மிஸ்ரா தீர்ப்பு. கேட்டுத்தான் தண்டிக்க வேண்டும் என்கிற இயற்கை நீதி எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. இதைத் தவறாகப் படித்துவிட்டு, சாட்சியை மறைப்பதே நம் உரிமை என்று எடுத்துக்கொண்ட கல்லூரிகளும் உண்டு. அந்தக் குழு மறைத்தது சாட்சியின் முகத்தை, குற்றச்சாட்டை அல்ல.

ராகிங் விஷயத்தில், நாடு தழுவிய விதி என்ற அளவில், நாம் அவர்களுக்கு முன்னாலேயே நடந்தோம். சிதம்பரத்தில் 1996 நவம்பரில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதும் அவசரச் சட்டம், 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். இரண்டு ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம். புகார் வந்தால் நிறுவனத் தலைவர் உடனே விசாரித்து, முகாந்திரம் இருந்தால் இடைநீக்கம் செய்ய வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் அவரே குற்றத்துக்கு உடந்தை. ராகிங் பற்றி ஆராய்ந்த ராகவன் குழு 2007இல் அறிக்கை தந்தது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் இன்னொரு மருத்துவ மாணவரின் உயிர் போன பிறகு, அந்த ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகள் வந்தன. அமெரிக்கா முழுவதற்குமான ராகிங் எதிர்ப்புச் சட்டம் 2024 டிசம்பரில்தான் கையெழுத்தானது. அதுவும் முக்கியமாகக் கணக்கெடுத்து வெளியிடச் சொல்கிற சட்டம். ஆக, சட்டத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

இப்போது நம் முதல்வரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு ராகிங் புகார். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் காவல் துறைக்குப் போக வேண்டும் என்கிறது 2009 ஒழுங்குமுறை. விசாரித்து நடவடிக்கை எடுக்காவிட்டால் உடந்தை என்கிறது மாநிலச் சட்டம். கேட்காமல் தண்டித்தால் ரத்து செய்வேன் என்கிறது உயர் நீதிமன்றம். யார் செய்தார் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் கூட்டுத் தண்டனை தர வேண்டும் என்றும் அதே ஒழுங்குமுறையில் இருக்கிறது. அப்பாவிகள் நான்கு பேர் அதில் இருந்தால்? வாசலில் ஒரு தொலைக்காட்சி வண்டி, கைபேசியில் தாளாளர். இந்த நிலையில்தான் ஒரு வரி உத்தரவு பிறக்கிறது. இடைநீக்கம் தண்டனை அல்ல, விசாரணை முடியும்வரை செய்யும் ஏற்பாடு. இன்றிரவே விடுதியை விட்டு அனுப்பலாம், நாளை கூப்பிட்டுக் கேட்கலாம் என்ற சின்ன வேறுபாட்டை அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. கொலம்பஸ் தீர்ப்பு விட்ட வழியும் அதுதான். பாலியல் புகாருக்கு உள்ளகக் குழு, குறைதீர் குழு, ராகிங் எதிர்ப்புக் குழு என்று பலகைகள் வாசலில் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. எல்லாக் குழுவிலும் அதே நான்கு பேராசிரியர்கள். ஒருவருக்கும் ஒரு நாள் பயிற்சிகூடக் கிடையாது.

சிலப்பதிகாரத்துக்கு இவன் எப்போது வருவான் என்று தமிழ்த்துறை நண்பர்கள் காத்திருப்பது தெரிகிறது. வரப்போவதில்லை. பாண்டியனுக்குத் தன் தவறு தெரிந்ததும் உயிர் போயிற்று. நமக்கு அதிகபட்சம் வழக்குச் செலவு, அதையும் கல்லூரி கட்டிவிடும். ஒப்பீடு பொருந்தாது.

அமெரிக்க விதித்தொகுப்பை இங்கே கொண்டுவந்து மொழிபெயர்த்து மாட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அலுவலகத்தின் பருமனே நமக்கு ஒத்துவராது. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். தண்டிக்கும் நாற்காலியில் இருப்பவர்கள் ஒருவர் செய்த தவற்றை இன்னொருவர் படிக்கும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலும் அதன் மதுரைக் கிளையிலும் கல்லூரிகளின் ஒழுங்கு நடவடிக்கை உத்தரவுகள் ரத்தாகின்றன, சில நிலைக்கின்றன. எது ஏன் ரத்தானது, எது ஏன் நின்றது என்று தமிழில், ஒரு வேதியியல் பேராசிரியருக்குப் புரிகிற மாதிரி, எங்காவது தொகுத்து வைத்திருக்கிறோமா? ஒவ்வொரு கல்லூரியும் தன் சொந்தச் செலவில், தன் சொந்த மாணவனின் ஓர் ஆண்டைப் பலி கொடுத்து, அதே பாடத்தை முதலிலிருந்து படிக்கிறது.

மான்ட்கோமரி மாணவர்கள் வழக்கில் வென்றதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. அவர்களுடைய பதிவேட்டிலிருந்து அந்த வெளியேற்றத்தை அலபாமா மாநிலம் நீக்கியது 2018இல். ஐம்பத்தெட்டு ஆண்டுகள்.

ஆகவே அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு இன்னொருவரை அழைத்து இன்னொரு சொற்பொழிவு வேண்டாம். அந்தப் பணத்தில் சட்டக் கல்லூரி மாணவர்கள் நான்கு பேரை அமர்த்தி, மாணவர் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய நம் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி, மாணவர் பெயர்களை நீக்கிவிட்டு, ஒரு சிறு நூலாகப் போடுங்கள். கூடவே விளக்கம் கேட்கும் குறிப்பாணைக்கு ஒரு மாதிரி, விசாரணைக் குறிப்புக்கு ஒரு மாதிரி, உத்தரவுக்கு ஒரு மாதிரி. இங்கே வந்திருக்கும் முதல்வர்கள் ஆளுக்கு ஒரு பழைய கோப்பைக் கொடுத்தால் போதும், நூல் நிறைந்துவிடும். எப்படி எழுதக் கூடாது என்ற பகுதியில் முதல் உத்தரவாக என்னுடையதைப் போட்டுக்கொள்ளலாம். நகல் என்னிடம் இருக்கிறது.